ஞாயிற்றுக்கிழமை மழை

சுலக்ஷனாவுக்கு ஆறுதல் சொல்லப் போனவர்கள் எல்லோரும் விதி என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நடந்தது என்னவென்று எனக்குத் தெரியும். நான் யோகேஸ்வரன், இலங்கை மலையகத்தில் டயகம பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர். மழைமானியைப் பார்த்து எழுதுவதும் என் வேலை.

அவள் எங்கள் மேல் லயத்துப் பிள்ளை; தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஒற்றை அறை வீடுகள்தான் லயம். அப்பா செல்லசாமி சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா நாகலெட்சுமி கொழுந்து பறித்துப் படிக்க வைத்தார். பள்ளிக்கூடத்துக்கு வந்த மூன்று கம்ப்யூட்டரில் இரண்டு பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. அதனால் புரோகிராமை தடித்த சீ.ஆர். கொப்பியில் கையால் எழுதி, வரிவரியாக விரலை நகர்த்தி, தானே மெஷினாக இருந்து ஓட்டிப் பார்ப்பாள். "தனியா என்னத்தடி முணுமுணுக்கிற?" என்று அம்மா திட்டுவார். அப்படியே படித்துப் பட்டம் வாங்கி, கொழும்பில் வேலைக்கும் போனாள்.

அங்கே யாரோ சட்டை வாங்குவதற்கு ஆப் எழுதிக் கொடுத்துச் சலித்துப் போனது. "மலைக்குக் கீழ படுத்திருக்கிறவங்களுக்குத்தாண்ணே மொதல்ல கம்ப்யூட்டர் வேணும். மண்சரிவு எச்சரிக்கை ஆபீசருக்குப் போயி, சிங்களத்துல சுத்தி வர்றதுக்குள்ள மண்ணு வந்துரும். நேரா லயத்துக்கே தமிழ்ல வரணும்" என்பாள். செய்தும் காட்டினாள்.

வேலை நாட்களில் காலை ஏழு மணிக்கு நான் மழையளவை அனுப்புவேன். அவளுடைய புரோகிராம் மூன்று நாள் மழையைக் கூட்டும். நூற்றைம்பது மில்லிமீற்றரைத் தாண்டினால் 'உடனே பள்ளிக்கூடத்துக்குப் போங்க' என்று லயத்துப் போன்களுக்குச் செய்தி போகும். இல்லாவிட்டால் 'இன்னைக்குப் பயமில்லை'. ஆடியில் ஒருதரம் போகச் சொன்னது, போனார்கள். மூன்று வீட்டுக்குப் பின்னால் மண் இறங்கியது, ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அன்றிலிருந்து லயமே அவள் பேச்சைக் கேட்டுத்தான் நடந்தது. எனக்கும் பெருமைதான்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை எழுபது, சனிக்கிழமை அறுபத்தைந்து. மறுநாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டும் இல்லை, ஆபீஸும் இல்லை, மழை அளப்பதும் இல்லை. திங்கட்கிழமை இரண்டு நாள் மழையையும் சேர்த்து எழுதுவதுதான் வெள்ளைக்காரன் காலத்து வழக்கம். நான் இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தேன். எண் வராத நாளைப் புரோகிராம் பூச்சியம் என்று எடுத்துக்கொண்டது; மூன்று நாள் கணக்கு நூற்று முப்பத்தைந்திலேயே நின்றது. அதற்கு முன் வந்த ஞாயிறுகளில் பெரிய மழை இல்லாததால் யாருக்கும் அது தெரியவில்லை. வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருக்க, எட்டு மணிக்குச் செய்தி போனது. இன்னைக்குப் பயமில்லை.

மற்றதை நாகலெட்சுமி அக்காவின் பக்கத்து வீட்டு மீனம்மா சொல்லித்தான் கேட்டேன். "மூட்டையக் கட்டிக்கிட்டு வாசலுக்கு வந்துட்டா. வா போயிருவோம்னு கூப்பிட்டேன். போனைக் காட்டி, எம்மக பயமில்லைன்னு சொல்லிருச்சுன்னா. மூட்டைய வச்சுட்டு அடுப்பப் பத்த வைக்கப் போயிட்டா."

மீனம்மாவிடம் போன் கிடையாது. பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டார். பத்தரை மணிக்கு மலை இறங்கியது. நாகலெட்சுமி அக்காவோடு சேர்த்து ஏழு பேர் மண்ணுக்குள் போனார்கள்.

விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடம், பிழை தன்னுடையது என்று சுலக்ஷனா சிங்களத்தில் தெளிவாகச் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம், வேறென்ன.

இப்போது அவள் டிக்கோயாவில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை. போன மாதம் போய்ச் சொல்லிவிட்டேன்.

"ஞாயித்துக்கிழமை நான் அளக்க மாட்டேம்மா. அத ஒங்கிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

அவள் மடித்துக்கொண்டிருந்த சேலையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"லயத்துல பொறந்தவளுக்கு அத யாராச்சும் சொல்லணுமாண்ணே? எனக்கு நல்லாத் தெரியும். எண்ணு வராத நாள்ல போகச் சொல்லுன்னு புரோகிராம்ல ஒரு வரி எழுதியிருந்தாப் போதும். நான் எழுதல."