மூக்கு உடைந்த மங்கை

பிரான்சின் பிரெத்தோன் கரையில், ரொஸ்காஃப் துறையில், எர்வோன் என்றொருவர் இருந்தார். பாறைகளுக்கு இடையே கப்பல்களை வழிகாட்டிக் கூட்டிவருவது அவர் பிழைப்பு. மூடுபனியில் பாறையை மோந்தே கண்டுபிடிப்பாராம். தான் குடித்திருந்த ஆப்பிள் கள்ளின் நெடியையும் மீறி எப்படி மோந்தாரோ!

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் 'ஃபிதேல்' என்ற போர்க்கப்பலைத் துறைச்சுவரில் இடித்துவிட்டார். கப்பல் முகப்பில் செதுக்கியிருந்த மரமங்கையின் மூக்கு போயிற்று. இங்கிலாந்தோடு நடந்த போருக்கு அதே கப்பலில்தான் அவருடைய ஒரே மகன் மலோ மாலுமியாகப் போனான்.

"மூக்கில்லாதவளை எங்கேர்ந்து பார்த்தாலும் உங்களுக்குத் தெரியுமேப்பா. பார்த்ததும் படகை எடுத்துட்டு வந்துடுங்க" என்றான்.

ஓராண்டு கழித்து அவள் வந்தாள். பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது. எர்வோன் பறந்துபோய் ஏறினார். மேலே நின்றவர்கள் இங்கிலீஷ்காரர்கள். கப்பலைப் பிடித்து, ஆட்களைச் சிறைக்கு அனுப்பிவிட்டு, பொய்க்கொடி கட்டி வந்திருந்தார்கள். அவர் விலாவில் துப்பாக்கியை வைத்தே துறைக்குள் வழி கேட்டார்கள். மீன்படகுகளையெல்லாம் கொளுத்திவிட்டு, அவரைக் கரையில் தள்ளிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு மீன்காரி கதெல் விடவில்லை. "என்ன பெரியப்பா, அடுத்த மாப்பிள்ளை அழைப்பு எப்போ? எரிக்க எங்க வீட்ல இன்னும் ஒரு துடுப்பு மிச்சமிருக்கு!"

மறு குளிர்காலம், புயலடித்த ஒரு மாலையில், அதே மூக்கில்லாதவள் பாறைகளுக்கு வெளியே தத்தளித்தாள். அதே பிரெஞ்சுக் கொடி. உதவி கேட்டுப் பீரங்கி முழங்கிக்கொண்டே இருந்தது.

மனைவி சோவிக் அவருடைய மேலங்கியை எடுத்து நீட்டினாள். "போங்களேன். நம்ம புள்ள இருந்தா?"

"அவன் சிறையில இருக்கான்டி. அந்தத் துணியைப் பார்த்து இன்னொரு தடவை ஏமாறச் சொல்றியா?"

"சத்தம் கெஞ்சுற மாதிரி இருக்குங்க."

"போன தடவையும் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

ஜன்னலைச் சாத்திவிட்டுக் கஞ்சி குடிக்க உட்கார்ந்தார். குடித்து முடிப்பதற்குள் சத்தம் நின்றுவிட்டது.

விடிந்ததும், உடைந்த கப்பலிலிருந்து உயிரோடு கரை ஒதுங்கிய ஒரே ஒருவனை அவர் வீட்டு அடுப்பருகேதான் கிடத்தினார்கள். பேசியது பிரெஞ்சு. கைதிகளை வேறு சிறைக்கு மாற்ற அந்தக் கப்பலிலேயே ஏற்றினார்களாம்; கைதிகள் எழுந்து கப்பலைத் திரும்பப் பிடித்துவிட்டார்களாம். யார் வீடு என்று அறியாமல் அவன் சொல்லிக்கொண்டே போனான்.

"பீரங்கிகிட்ட மலோன்னு ஒரு பையன். 'எங்கப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், இன்னொண்ணு போடுங்க. மூக்கைப் பார்த்துட்டா வந்துடுவார்'னு கடைசிவரைக்கும் சொல்லிட்டே இருந்தான்."

அதன்பின் எந்தக் கப்பல் கூப்பிட்டாலும் எர்வோன் போனார். ஒரு புயல்நாளில் இங்கிலீஷ் கப்பலொன்று அலறியது. கதெல் குறுக்கே வந்து நின்றாள்.

"பெரியப்பா, அது எதிரிக் கப்பல்!"

"தெரியும் கழுதை. தள்ளு."

சோவிக் மேலங்கியை நீட்டினாள்.