கொட்டாம்பட்டியிலிருந்து வந்த போன்

அழகரை நம்பி வாழும் சகோதரிகளே, அவர் எனக்குச் செய்ததையும், அதை நான் பாதிதான் புரிந்துகொண்டதையும் சொல்ல வந்திருக்கிறேன்.

2002, ஆடி மாதம். மதுரை கே.கே. நகரில் எங்கள் வீட்டு வாசலில் என் மூத்த மகள் சுபாவின் தோழி வந்து நின்று அழுதாள்.

"ஆன்ட்டி, சுபா காலேஜுக்கு வரல. சென்னை பஸ் ஏறிட்டா. சாட்டிங்ல பழகுன ஒருத்தனப் பாக்கப் போறா."

சாட்டிங் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. கல்லூரி விட்டதும் பிரவுசிங் சென்டருக்குப் போவாள். பாடத்துக்காக என்பாள். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை என்று எனக்குப் பெருமை வேறு. அங்கே உட்கார்ந்து, முகம் தெரியாத ஒருவனோடு மாதக்கணக்கில் டைப் செய்து பேசியிருக்கிறாள். அவனுக்கும் இவள் வயதுதான் என்று சொல்லியிருக்கிறான்.

கணவர் ஸ்கூட்டரில் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். நான் பூஜை அறையில் விழுந்தேன். எந்த பஸ், யார் அவன், ஒன்றும் தெரியாது. சுலோகம் வாயில் வரவில்லை. "அழகரே, என் பிள்ளையைத் திருப்பிக் கொடு" என்று மட்டும் கதறினேன்.

போன் அடித்தது.

"அம்மா... கொட்டாம்பட்டில நிக்கிறேன். பஸ் ரிப்பேராயிருச்சு. லேட்டாகும்னு சொல்ல பூத்துல இருந்து அவனுக்குப் போன் பண்ணேன். அது பையன் குரலே இல்லம்மா. அப்பா வயசு இருக்கும். யாருகிட்டயும் சொல்லாம வந்துருங்கறான். பயமா இருக்கும்மா."

பூத்துக்கார அம்மா போனை வாங்கினார். "பதறாம வாங்க. புள்ளைய எம் பக்கத்துலதான் உக்கார வச்சிருக்கேன்."

கணவர் திரும்பியதும் வாடகைக் காரில் போனோம். எங்களைக் கண்டதும் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். என் பிரார்த்தனை பலித்தது. அழகர் என் பிள்ளையைக் கொடுத்துவிட்டார்.

அதன் பிறகு நாங்கள் செய்ததை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. கல்லூரியை நிறுத்தினோம். தோழிகளைப் பார்க்க விடவில்லை. அடுத்த தையிலேயே கட்டிக் கொடுத்துவிட்டோம். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. என்னோடு பேசுவதே குறைந்து போனது. நானோ போகிற கோயிலெல்லாம், அழகர் பஸ்ஸை நிறுத்திக் காப்பாற்றினார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிரசவத்துக்கு வந்திருந்தபோது ஒரு மத்தியானம் கேட்டாள்.

"அன்னைக்கு வேற பஸ் வந்துச்சும்மா. கண்டக்டர் எல்லாரையும் ஏத்திவிட்டாரு. நான்தான் ஏறல. நானாத்தான உனக்குப் போன் பண்ணேன்? அத ஒரு நாளாச்சும் நீயும் அப்பாவும் நினைச்சீங்களா?"

பஸ்ஸை நிறுத்தியவர்தானே அவளுக்கு அந்தப் புத்தியையும் கொடுத்தார்? அதை நம்பாமல் பூட்டி வைத்தோமே. என் பிள்ளை தொலைத்த வருடங்களை யாரிடம் போய்க் கேட்பேன்?

இப்போது அஞ்சல் வழியில் பட்டப்படிப்பை முடிக்கப் போகிறாள். பரீட்சை நாட்களில் பேரன் என்னிடம்தான். தினமும் போனில் பேசுகிறாள். அதற்கே அழகரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

உங்கள் பிள்ளைகளும் இன்று கம்ப்யூட்டரும் செல்போனுமாகத்தான் இருக்கிறார்கள். அழகரை நம்பிக் கேளுங்கள், கைவிட மாட்டார். தவறிப் போன இடத்திலிருந்து பிள்ளை "அம்மா" என்று கூப்பிட்டால், அதுவே அவர் தரும் பதில். கண்டிக்கும் முன்னால் பிள்ளை சொல்வதை முழுசாகக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.