நான் கழற்றிய கூடு

தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. அதிலும் மகளிடம் சொல்லவே மாட்டேன். அந்த வீராப்புக்கு ஒரு நத்தை பலியானது.

செல்லூரிலிருந்து கே.கே. நகருக்கு வீடு மாறி ஐந்து மாதம் ஆகியிருந்தது. செல்லூரில் தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிக்கொண்டிருந்த எட்டு வயதுப் பெண், இங்கே வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். "புது வீடு, போகப் போகச் சரியாயிரும்" என்று மனைவிக்கு நான்தான் தைரியம் சொன்னேன். உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது.

ஐப்பசி மழையில் காம்பவுண்டுச் சுவரெல்லாம் நத்தை ஏறியது. பக்கத்து வீட்டார் உப்பை அள்ளித் தூவினார்கள். மகளோ அவற்றில் ஒன்றோடு பேச ஆரம்பித்தாள். "அப்பா, இது செவுத்த நக்குதுப்பா" என்று ஓடிவந்து சொன்னாள். அவள் தானாக வந்து பேசியதே பெரிய விஷயம். நானோ, போன மாதம் அடித்த வெள்ளை போச்சே என்று எரிந்து விழுந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியைப் பின்னால் தள்ளியபோது நறுக்கென்று ஒரு சத்தம். அவளுடைய நத்தைதான். ஓட்டின் ஓரத்தில் விரிசல் விட்டு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அவள் உதடு பிதுங்கியது.

"அழாத தாயி. இதுக்கென்ன நம்மள மாதிரி எலும்புக்கூடா இருக்கு, ஒடைஞ்சா கட்டுப்போட? கூடு விட்டுக் கூடு பாய்ஞ்சிரும்" என்றேன். கதையில் மந்திரவாதி செய்வதைத்தான் சொன்னேன். சொல்லி முடித்ததும் நானே நம்பிவிட்டேன். நத்தைக்கூடு என்றுதானே சொல்கிறோம். கூடு என்றால் விட்டுப் போகலாம், வேறு கூடு தேடலாம்.

அவள் எடுத்து வைத்திருந்த காலி ஓடு ஒன்று செம்பருத்தித் தொட்டியில் கிடந்தது. அதைப் பக்கத்தில் வைத்துவிட்டு நத்தையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. "வலிக்கும்ப்பா" என்றாள். "எம்புட்டு அழுத்தமா ஒட்டியிருக்கு பாரு" என்று இன்னும் பலமாக இழுத்தேன். வந்துவிட்டது.

மறுநாள் காலை அது காலி ஓட்டுக்கு வெளியே சுருங்கிக் கிடந்தது. மகள் எழுவதற்குள் அதையும் உடைந்த ஓட்டையும் வாரிக் குப்பை வண்டியில் போட்டேன். மனசு கேட்காமல் அலுவலகத்தில் போனில் தேடிப் படித்தேன். எலும்பில்லாத அந்த உடம்பு, உள்ளே இறுக அடைபட்ட நீராலும் தசையாலும்தான் விறைத்து நிற்கிறதாம். அந்தத் தசை பிடித்துக்கொள்ள இருக்கும் ஒரே கெட்டி இடம் ஓடு. அது குடியிருக்கும் வீடல்ல, உடம்போடு வளர்ந்த உறுப்பு. சின்ன விரிசலை நத்தை தானே பூசி அடைத்துக்கொள்ளும். அதற்கான சுண்ணாம்புக்காகத்தான் சுவரைச் சுரண்டுகிறது. சும்மா விட்டிருந்தால் பிழைத்திருக்கும். அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே பிடிக்கவில்லை.

சாயங்காலம் அவள் காலி ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் வந்திருந்தேன்.

"உள்ள இல்லப்பா. புதுசு அதுக்குப் புடிக்கல. பழைய கூட்டுக்கே போயிருச்சு" என்றாள். பல நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். "அத எங்கப்பா வச்ச?"