இருபத்து மூன்றோடு நிறுத்திய கணக்கு

கறம்பக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார். மூன்று வருடத்துக்கு முன்னால் புதுக்கோட்டையில் ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம் கணக்கில் புதிதாக ஏதாவது சொல்ல வேண்டும்.

நான் பகா எண்களை எடுத்துக்கொண்டேன். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போய், வருகிற தொகையை மூன்றால் வகுத்து மீதியை எழுதினேன். 2, 2, 1, 2, 1, 2, 1, 2, 1. இருபத்து மூன்று வரைக்கும் பூச்சியமே வரவில்லை. 'இந்தத் தொகை ஒருநாளும் மூன்றால் வகுபடாது' என்று சார்ட்டில் சிவப்பு மையில் எழுதிவிட்டேன்.

பயிற்சியன்று காலையில் பஸ்ஸில் உட்கார்ந்து அடுத்த எண்ணையும் கூட்டிப் பார்த்தேன். இருபத்து மூன்று வரைக்கும் தொகை நூறு; அதோடு இருபத்தொன்பது சேர்த்தால் நூற்று இருபத்தொன்பது. மூன்றால் சுத்தமாக வகுபட்டது.

ஏன் அந்த இடத்தில் உடைகிறது என்று கேட்டிருந்தாலே அருமையான பாடமாக இருந்திருக்கும். ஐந்திலிருந்து ஒவ்வொரு பகா எண்ணையும் தனியாக மூன்றால் வகுத்தால் மீதி இரண்டு, ஒன்று என்று மாறி மாறி வருகிறது. இருபத்து மூன்றுக்கும் இருபத்தொன்பதுக்கும்தான் முதல் தடவையாக அடுத்தடுத்து இரண்டு. இது எனக்குப் பஸ்ஸிலேயே புரிந்துவிட்டது. ஆனாலும் சார்ட்டை அப்படியே மாட்டினேன். "இப்படியே போய்க்கிட்டே இருக்கும்" என்றேன். கை தட்டினார்கள்.

பின்வரிசையில் ஒரு டீச்சர் எழுந்தார். மீமிசல் பக்கம் தொடக்கப்பள்ளியில் வேலை.

"சார், இருபத்தொம்பதைக் கூட்டினா வகுபடுதே?"

"டீச்சர், மொதல்ல கூட்டலைச் சரியாப் போடுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டார்.

டீ இடைவேளையில் நோட்டோடு என்னிடம் வந்தார். நான்கு தடவை கூட்டி அடித்திருந்தார்.

"எனக்கு நூத்தி இருபத்தொம்பதுதான் சார் வருது. எங்கிட்டுத் தப்புப் பண்றேன்னு தெரியல. சொல்லிக் குடுங்களேன்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "வீட்டுக்குப் போய் நிதானமாப் பாருங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

இரண்டு நாள் கழித்து, பயிற்சிக்கு வந்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் கணக்கை முழுதாக எழுதிப் படமெடுத்துப் போட்டிருந்தார். கீழே ஒரு வரி: 'சார், சார்ட்டில் இடம் பத்தாமல் இருபத்து மூன்றோடு நிறுத்தியிருப்பார் என்று நினைக்கிறேன்.' எனக்குக் குறை வந்துவிடக் கூடாதென்று அவராகவே ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தார்.

'ஆமாம், கவனிக்காமல் விட்டுவிட்டேன். நன்றி டீச்சர்' என்று போட்டேன். அதுவும் பொய்.

'பரவாயில்லை சார், எல்லாருக்கும் நடக்கிறதுதான்' என்று பதில் வந்தது.

போன மாதம் இன்னொரு கூட்டத்தில் அந்த டீச்சரைப் பார்த்தேன். அவராகத்தான் முதலில் வந்து, "சார், நல்லாயிருக்கீங்களா?" என்றார். பக்கத்தில் யாரும் இல்லை. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. பள்ளியில் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டேன். பதிலைக் காதில் வாங்காமல் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.