ஒரு வாளிக் கஞ்சியும் ஒன்பது நிமிடமும்

ஆசிரியர் கூட்டத்துக்கு வராதவர் தலையில்தான் எந்தப் பொறுப்பும் விழும். யசோதா டீச்சர் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, தெல்தோட்டையில் தம்பி மகளின் காதுகுத்தில் இருந்தார். மறுநாள் பாடசாலைக்கு வந்தால், அறிவித்தல் பலகையில் உதைபந்தாட்ட அணியின் பொறுப்பாசிரியை என்று அவர் பெயர். இருபது வருடமாக இரசாயனவியல் படிப்பிக்கிறவர், பந்தைக் காலால் தொட்டதே இல்லை.

“முதலாம் பிரிவில நின்டா டீம் இருக்கும். ரெண்டாம் பிரிவுக்கு எறங்கினா கலைச்சிரலாம். உங்களுக்கும் நிம்மதி” என்றார் அதிபர்.

நிம்மதிதான் நல்லது என்று டீச்சருக்கும் பட்டது. அது இரண்டு கிழமைதான் நீடித்தது. ஆய்வுகூட மேசையில் அணித்தலைவன் ஸிபான் பரிசோதனைக் குழாய்களை நிறுத்தி ‘ஓஃப் சைட்’ விளக்கினான். மூன்றாவது போட்டியில் டீச்சர் கோட்டோரம் நின்று, “அடப்பாவி, கண்ணு என்ன பொடரியிலயா இருக்கு!” என்று மத்தியஸ்தரைப் பார்த்துக் கத்தினார். கத்திய பிறகுதான் அது தன் குரல் என்று தெரிந்தது. ஐந்தாவது போட்டியில் தோற்றபோது, வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் இறங்க மறந்து அடுத்த தரிப்பிடம் வரை போனார்.

கடைசிப் போட்டி கம்பளைப் பக்கத்து அணியோடு. சமநிலை போதும், முதலாம் பிரிவில் நிற்கலாம். தோற்றால் அணி இல்லை. போட்டியோ நோன்பு மாதத்தில் வந்து விழுந்தது. பதினொருவரில் எட்டுப் பேர் நோன்பு. போதாததற்கு முந்தைய ஆட்டம் இழுபட்டு, இவர்களுடையது ஐந்து பத்துக்குத்தான் தொடங்கியது.

ஆறு இருபத்தொன்றுக்குப் பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. ஒன்றுக்கு ஒன்று. இன்னும் ஒன்பது நிமிடம். மத்தியஸ்தர் ஸெய்னுலாப்தீனும் நோன்புதான். விசிலை ஊதி, “அஞ்சு நிமிஷம்” என்று விரல்களை விரித்துக் காட்டினார்.

ஸிபானின் உம்மா பாயிஸா, முச்சக்கரவண்டியில் ஒரு பெரிய வாளி நிறைய இறைச்சிக் கஞ்சியோடு வந்து இறங்கினார்.

“உம்மா, தண்ணியும் ஈத்தம்பழமும் போதும். கஞ்சி குடிச்சா ஓட ஏலா” என்றான் ஸிபான்.

“விடிஞ்சதிலருந்து பட்டினி, ஓடுறானாம் ஓட்டம்!” என்று டீச்சரே கோப்பையை எடுத்தார். அப்போது எதிரணிப் பையன்கள் கொஞ்சம் தள்ளி நிற்பது கண்ணில் பட்டது. நெடுவலான முன்கள வீரன் ஒருவன், அன்று முழுக்க இவர்களை ஆட்டிப்படைத்தவன், வாளியைப் பார்த்துச் சிரித்தான்.

“அபிடத் தெனவத?” என்று சிங்களத்தில் கேட்டான்.

“அவங்களுக்கும் வேணுமாம் டீச்சர்” என்றான் கோல் காப்பாளன் திலக்ஷன். அவன் நோன்பு இல்லை. ஆனால் வரிசையில் முதலாவதாக நின்றான்.

“அவங்கட கோச் ஏசுவார்” என்றான் ஸிபான்.

“பதினொரு பேரு வாயப் பாத்துக்கிட்டு நிக்கிறப்ப நாம மட்டும் குடிக்கிறதா? ஊத்துங்க பாயிஸா!”

எல்லோருக்கும் ஊற்றினார்கள், மத்தியஸ்தருக்கும். நெடுவலுக்கு இரண்டு கோப்பை. எதிரணிப் பயிற்சியாளரும் வேண்டாம் வேண்டாம் என்று ஒன்றை வாங்கிக்கொண்டார்.

மறுபடி விசில். முதல் நிமிடத்திலேயே ஸிபான் பந்தை விரட்டிப் பாதியில் நின்று ஏப்பம் விட்டான். இடப்பக்கத்தில் ஒருவன் நடந்தேவிட்டான். ‘போச்சு. நானே ஊத்திக் குடுத்து அணியைக் கலைச்சிட்டேன்’ என்று நினைத்தார் டீச்சர்.

பிறகுதான் மற்றப் பக்கத்தைக் கவனித்தார். அங்கும் யாரும் ஓடவில்லை. இருபத்திரண்டு பேரும் கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து எழுந்து வந்தவர்கள்போல் மைதானத்தில் உலாவினார்கள். மத்தியஸ்தர் நடுவட்டத்தை விட்டு அசையவில்லை.

கடைசி நிமிடம். நெடுவலிடம் பந்து அகப்பட்டது. முன்னால் திலக்ஷன் மட்டும். டீச்சர் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டார். நெடுவல் நாலு எட்டு வைத்தான், விலாவைப் பிடித்தான், உதைத்தான். பந்து பூனைக்குட்டிபோல உருண்டு வந்தது. திலக்ஷன் குனியப் பார்த்தான், வயிறு விடவில்லை. அப்படியே அதன்மேல் உட்கார்ந்துவிட்டான்.

“எழும்பாதடா!” ஸிபான் கத்தினான். “விசில் அடிக்கும் வரைக்கும் எழும்பாத!”

விசில் அடித்தது.

எதிரணிப் பயிற்சியாளர் வெறுங்கோப்பையோடு வந்தார். “டீச்சர், இது பிளேன் பண்ணினதா?”

“ஐயோ சத்தியமா இல்லங்க சேர்!” டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அதிபருக்கு அங்கிருந்தே அழைப்பு எடுத்தார். “சேர், ட்ரோ.”

“அப்ப டீம் இருக்குது” என்றார் அதிபர். “நீங்க களைச்சுப் போயிருப்பீங்க. அடுத்த வருஷத்துக்கு வேற ஆளப் பாப்பமா?”

“வேற ஆளா?” டீச்சர் குரல் ஏறியது. “அத விடுங்க சேர். எடது பக்கத்துக்கு ஓடக்கூடிய ஒருத்தன் வேணும். நாளைக்கே பத்தாம் வகுப்புப் பிள்ளைகள மைதானத்துக்கு எறக்குங்க.”