நாலு ஓமவல்லி இலை

எல்லார் கையிலும் செல்போன் வராத காலம். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலையின் முதலுதவி அறையில் ஆயாவாக இருந்தேன். அங்கே உலையடியில் ஒருவர் வேலை செய்தார். ஒல்லியான உடம்பு, கண்ணிமையில்கூடக் கரித்தூள். துண்டை வாயில் பொத்திக்கொண்டு நாள் முழுக்க இருமுவார்.

அன்று வருஷாந்தர உடல் பரிசோதனை. நெஞ்சு சரியில்லை என்று டாக்டர் எழுதிவிட்டால் மறுநாள் வேலை கிடையாது. வரிசையில் நின்றிருந்த அவர் சட்டைப்பையிலிருந்து ஓமவல்லி இலைகளை எடுத்து மென்றார்.

“இன்னாக்கா அப்டி பாக்கறே? ஊட்ல பஜ்ஜி போடற எலைதான். நாலு மென்னா கா மணி நேரம் நெஞ்சு கம்முனு கெடக்கும்.”

“அப்பறம்?”

“அப்பறம் இருமிக்கலாம். அப்ப யாரு கேக்கப் போறா?”

உள்ளே போய் அவர் மூச்சை இழுத்து விட்டதும் அறையெல்லாம் ஓமவல்லி வாசம். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

“என்னம்மா இது வாசனை?”

உலையடிக்காரரும் என்னையே பார்த்தார். கண்ணில் அவ்வளவு பயம்.

“தைலம் கொட்டிடுச்சு சார்” என்றேன்.

டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். உலையடிக்காரர் வாசலில் நின்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு நேராக உலைக்குப் போனார்.

அடுத்த வருஷப் பரிசோதனைக்கு அவர் வரவில்லை. மூச்சுவிட முடியாமல் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் என்றார்கள்.

டாக்டர் முன்னால் வாய் திறந்து பேசாதவள் நான். அன்று ஒரு பொய்க்காகத் திறந்தேன். அதற்கு அவர் போட்ட கும்பிடை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.