ஆம் என்று எழுதப்பட்ட ‘ம்’

பேரவைச் செயலகத்தில் அவரை ‘டேப் அக்கா’ என்று கூப்பிடுவார்கள். யார் எவ்வளவு வேகமாகப் பேசினாலும் ஒரு சொல் விடாமல் பிடித்துவிடுவார் என்பதால் வந்த பெயர். பாராட்டும் கேலியும் அதில் சரிபாதி. குழுக் கூட்டங்களில் நடக்கும் பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுத்து, பிறகு முழு வாக்கியங்களாக்கித் தட்டச்சு செய்து கொடுப்பது அவர் வேலை. சின்ன வயதில் சேர்ந்தார். தலை நரைத்த பிறகும் அதே நாற்காலிதான், தலைவரின் இடப்பக்கம், சுவரை ஒட்டி. அங்கே உட்கார்ந்திருப்பவர் கூட்டத்தில் இருப்பவராகக் கணக்கில் வருவதில்லை. தேநீர் கொண்டுவரும் ஊழியர்கூடச் சில நாள் அவரைத் தாண்டிப் போய்விடுவார்.

ஒரு சட்டம் உருவாவதை அவரளவுக்குப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் குறைவு. பார்த்ததைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. பேரவையில் நடப்பது முழக்கம், வேலை நடப்பது குழு அறையில்தான் என்பார்கள். அந்த வேலையில் பெரும்பகுதி, ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொரு சொல்லை வைப்பது. ‘வழங்க வேண்டும்’ என்று உள்ளே வந்த வாக்கியம் ‘வழங்கலாம்’ என்று வெளியே போகும். ‘உடனடியாக’ என்பது ‘இயன்ற விரைவில்’ ஆகும். யாரும் யாரையும் ஏமாற்றியதாகத் தெரியாது. ஒருவர் நிதி நிலைமையைச் சொல்வார், ஒருவர் நடைமுறைச் சிக்கலைச் சொல்வார், ஒருவர் கடிகாரத்தைப் பார்ப்பார். “ஆட்சேபணை இல்லையே?” என்பார் தலைவர். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். அக்கா ‘ஏற்கப்பட்டது’ என்று எழுதுவார்.

கேட்டதை எழுதுவது சுலபம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். மனிதர்கள் முழு வாக்கியத்தில் பேசுவதில்லை. இழுக்கிறார்கள், மென்று முழுங்குகிறார்கள், பாதியில் விட்டுவிட்டு அடுத்தவர் முகத்தைப் பார்க்கிறார்கள். இதையெல்லாம் சீர்செய்ய அவர் வேலை பார்த்த அலுவலகப் பிரிவில் சில வழக்கங்கள் இருந்தன. தலையை ஆட்டினால் ‘தலையசைத்தார்’ என்று அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். முடியாத வாக்கியத்தை விட்டுவிடலாம். கேள்விக்கு யாராவது ‘ம்’ என்று சொன்னால் ‘ஆம்’ என்று எழுத வேண்டும். அச்சில் வெறும் ‘ம்’ வந்தால் அவையின் மதிப்புக்குக் குறைச்சல் என்று எப்போதோ யாரோ தீர்மானித்திருந்தார்கள். அக்கா அதை ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை.

கல்தூசி மசோதா குழுவுக்கு வந்தது. கிரஷர்களில் கல் உடைத்து நுரையீரல் கெட்டுப்போனவர்களுக்கு முதலாளிகள் மாதாமாதம் உதவித்தொகை தர வேண்டும், ஏற்கெனவே படுக்கையில் விழுந்தவர்களுக்கும் தர வேண்டும் என்பது அதன் சாரம். சாட்சி சொல்ல வந்தவர்களில் ஒரு பெண்ணும் இருந்தார். அவர் கணவர் கிரஷரில் வேலை பார்த்து, இப்போது நாலடி நடந்தால் மூச்சு வாங்கிப் படுத்திருப்பவர். மசோதா வந்த உருவத்திலேயே நிறைவேறினால் அந்த மனிதருக்குப் பணம் உண்டு. அதற்காகத்தான் அந்தப் பெண் வந்திருந்தார்.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தவர் ஒலிவாங்கியைப் பார்த்துக் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார்.

“அது கடிக்காதும்மா, தைரியமாப் பேசுங்க,” என்றார் தலைவர். அறை சிரித்தது.

அந்தப் பெண்ணும் சிரிக்கப் பார்த்தார். கணவரின் இருமலைப் பற்றி, உட்கார்ந்தபடியே அவர் தூங்குவதைப் பற்றிச் சொன்னார். பிறகு வக்கீல் உறுப்பினர் கேள்வி கேட்டார். அரசியலுக்கு வருமுன் வக்கீலாக இருந்தவர். குரலை உயர்த்த மாட்டார், யாரையும் ஒருமையில் பேச மாட்டார்.

“நீங்க சொன்னதெல்லாம் கேட்டோம்மா. மனசுக்குக் கஷ்டமா இருக்கு.”

“ம்.”

“ஆலையில மாஸ்க் குடுத்திருக்காங்க. வாங்கிக்கிட்டதா உங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டிருக்காரு.”

“ம்.”

“ஆனா அவரு அதைப் போடாமத்தான் வேலை செஞ்சிருக்காரு. அப்படித்தானேம்மா?”

“ம்... அது வந்துங்க சார்...”

“போதும்மா. ரொம்ப நன்றி. அழாதீங்க, தண்ணி குடிங்க.”

அவர் அழவில்லை. ஆனாலும் யாரோ தண்ணீர்க் குவளையை நீட்டினார்கள். வாங்கிக் குடித்தார். அடுத்த சாட்சியை அழைத்தார்கள். அன்று மாலை அக்கா தட்டச்சு செய்தபோது கடைசிக் கேள்விக்குக் கீழே ‘ஆம்’ என்று ஒரு சொல் நின்றது.

பிரிவு பிரிவாக மசோதாவை எடுத்துக்கொண்டபோது அந்தச் சொல் திரும்பி வந்தது. ‘பாதுகாப்புக் கருவி வழங்கப்பட்டும் தொழிலாளி அதை அணியாதிருந்த நேர்வுகள் நீங்கலாக’ என்று ஒரு தொடரைச் சேர்க்க வேண்டும் என்றார் வக்கீல் உறுப்பினர். குழுவில் முன்பு தையல் தொழிலாளியாக இருந்த உறுப்பினர் ஒருவர் இருந்தார். அவர் எதிர்த்தார்.

“இப்படி ஒரு ஓட்டை போட்டா மொத்த மசோதாவும் அது வழியாப் போயிடும் சார்.”

“நான் போடலம்மா. அவங்களே சொல்லியிருக்காங்க பாருங்க.” அச்சுப் படியைப் புரட்டி வாசித்தார். “கேள்வி, அணியாமல்தான் வேலை செய்தார், அப்படித்தானே? பதில், ஆம். சாட்சியே ஒத்துக்கிட்டதை நாம எப்படி இல்லேங்கறது?”

தையல்கார உறுப்பினர் தன் படியைப் புரட்டினார். அதிலும் ‘ஆம்’ என்றுதான் இருந்தது. உட்கார்ந்துவிட்டார். தலைவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். மின்விசிறி சுழன்றது. அக்கா ‘ஏற்கப்பட்டது’ என்று எழுதினார். எழுதும்போது ஏதோ உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை.

வீட்டில்தான் பிடிபட்டது. அக்காவின் கணவர் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர். நாள் முழுக்க வண்டிகளின் நேரத்தைக் குறித்துவிட்டு வந்து மனைவியிடம் பேசித் தீர்ப்பார். அன்று சமையலறை வாசலில் நின்றுகொண்டு பணிமனைக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே ‘ம்’ கொட்டினார்.

“நான் சொல்றதக் கேக்கறியா இல்லியா?”

“ம்.”

“அப்ப நாளையிலேருந்து நான் வேலைக்குப் போகப் போறதில்ல.”

“ம்.”

“பக்கத்துத் தெருவுல ஒருத்தியப் பாத்து வச்சிருக்கேன், கூட்டிட்டு வந்துடறேன்.”

“ம்... ம்?”

“அம்மாடி! இப்பவாவது முழிச்சியே! நீயே சரின்னுட்ட, அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது.”

அவர் சிரித்தார். அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

மறுநாள் அலுவலகத்தில், சரிபார்ப்பதற்காக வைத்திருக்கும் கூட்ட ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டார். அந்தப் பெண் மூச்சு விடுவதுபோல ‘ம்’ சொல்லிக்கொண்டிருந்தார். தலைவர் பேசினாலும், உறுப்பினர் இடைவெளி விட்டாலும், கோப்பைகள் உரசினாலும்கூட ‘ம்’. எல்லாம் ஒரே ஒலி. அவற்றில் ஒன்றை மட்டும் அக்காவின் விரல்கள் ‘ஆம்’ ஆக்கியிருந்தன.

பிரிவு அதிகாரி ஹெட்போனை வாங்கிக் கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தார்.

“என்ன டேப் அக்கா, சுத்தினதைத் திருப்பிச் சுத்தறீங்க? சாட்சிக்குப் படி அனுப்பினோம். திருத்தம் எதுவும் வரல. அவங்களே எழுதிக் குடுத்தாத்தான் நாம ஏதாவது செய்யலாம்.”

“அவங்களுக்கு என்ன எழுதணும்னு தெரியாதுங்க.”

“அப்ப யாருக்குத் தெரியும்? நமக்கா? நாம எழுதறவங்க, பேசறவங்க இல்ல.”

சாட்சிகளைச் செயலக ஊழியர்கள் வீடு தேடிப் போகக் கூடாது. அக்கா போனார். ஊர் முடிந்து கிரஷர்கள் தொடங்கும் இடத்தில் அந்த வீடு. கூரைத் தகடும் வாசல் செடியும் ஒரே சாம்பல் நிறம். உள்ளே அந்த மனிதர் சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். அவர் மூச்சு வாசல்வரை கேட்டது.

“நான் ‘ம்’னா சொன்னேன்?” என்றார் அந்தப் பெண். “சொல்லியிருப்பேங்க. பெரியவங்க பேசும்போது மரம் மாதிரி உக்காந்திருக்க முடியுமா? கேட்டுக்கிட்டிருக்கேன்னு தெரிய வேணாமா?”

அக்காவுக்கு ஒரு நிமிடம் ஆறுதலாக இருந்தது. கொண்டுபோன தாளை விரித்தார்.

“ஆனா அவரு மாஸ்க் போடலதாங்க,” என்றார் அந்தப் பெண்.

அக்கா நிமிர்ந்தார்.

“கொஞ்ச நாள்லயே தூசி அடைச்சுக்கும். வேற கேட்டா, குடுத்ததுக்குக் கையெழுத்துப் போட்டாச்சு போன்னு விரட்டுவாங்க. அடைச்சதைக் கட்டிக்கிட்டுக் கல்லு அள்ளினா அங்கேயே மூச்சு நின்னுடும். அதைத்தான் சொல்ல வந்தேன். அதுக்குள்ள தண்ணியக் குடுத்துட்டாங்க.”

தான் எழுதியது பொய் என்ற எண்ணத்தோடு அக்கா வந்திருந்தார். அது பொய்யாக இருந்திருந்தால் அடித்துத் திருத்தியிருக்கலாம். அது உண்மைதான், ஆனால் தொண்டையில் வெட்டப்பட்ட உண்மை. வக்கீல் உறுப்பினர் வெட்டினார், தண்ணீர்க் குவளை வெட்டியது, முடியாத வாக்கியத்தை விட்டுவிடலாம் என்ற வழக்கம் மிச்சத்தைத் துடைத்தது. இதில் யாரைக் குற்றம் சொல்வது என்று யோசித்தால் நீண்ட வரிசை ஒன்று தெரிகிறது, அதில் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்ட முடியும். அக்காவும் காட்டலாம். அவர் காட்டவில்லை. அதைப் பெரிய குணம் என்று சொல்வதற்கில்லை, காட்டினாலும் பயனில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பெண் சொல்லச் சொல்ல, அவர் பேசிய பேச்சிலேயே எழுதினார். ஒரு சொல்லையும் சீர்செய்யவில்லை. அந்தப் பெண் கீழே கையெழுத்துப் போட்டார்.

அக்கா கொண்டுபோய் நீட்டிய தாளைத் தலைவர் நின்றபடியே படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். அவர் இரக்கமில்லாதவர் அல்ல.

“இதை எடுத்துக்கிட்டா மறுபடியும் எல்லாரையும் கூப்பிடணும். அந்தப் பிரிவைத் திறந்தா, மத்தவங்க மத்த பிரிவைத் திறப்பாங்க. இந்தக் கூட்டத்தொடர்ல மசோதாவே வராது. வராமப் போனா யாருக்கும் ஒண்ணும் கிடைக்காது. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?”

அத்தனை வருடத்தில் ஒரு குழுத் தலைவர் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது. பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

“பின்னிணைப்புல போட்டுடுங்க,” என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

பின்னிணைப்பில் போட்டார்கள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், சாட்சியின் விளக்கம் என்று. பேரவையில் அதை யாரும் புரட்டியதாகத் தெரியவில்லை. குழு திருத்திய உருவத்தில் மசோதா நிறைவேறியது. மேசைகளைத் தட்டினார்கள். ‘மேசையைத் தட்டும் ஒலி’ என்று அக்கா அடைப்புக்குறிக்குள் எழுதினார்.

சில நாள் கழித்து அந்தப் பெண் கூப்பிட்டார். அக்கா கைப்பேசியை எடுத்துக்கொண்டு நடைகூடத்துக்கு வந்தார்.

“அக்கா, நான் சொன்னதைச் சேத்துட்டாங்களா?”

“சேத்துட்டாங்கம்மா. அச்சுல வந்திருக்கு.”

“அப்ப அவருக்குக் கிடைக்கும்ல?”

ஒருவர் பேசியதை மற்றொருவருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே தொழிலாக இருந்தவருக்கு, தானாக ஒரு வாக்கியம் சொல்வது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது.

“கிடைக்காதும்மா. மாஸ்க் வாங்கினதுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு அதை மாட்டாம வேலை செஞ்சவங்களுக்குக் கிடையாது. சட்டம் அப்படித்தான் வந்திருக்கு.”

மறுமுனையில் ஒரு வண்டி கடந்துபோனது. பின்னால் அந்த மூச்சு கேட்டது. அந்தப் பெண் எழுந்து வெளியே வந்திருக்க வேண்டும், மூச்சுச் சத்தம் குறைந்தது. குரலும் தணிந்தது.

“அவருகிட்ட எப்படிங்க சொல்றது? இது வருது வருதுன்னுதான் மாத்திரையே ஒழுங்கா முழுங்கறாரு. இன்னும் பேசிக்கிட்டிருக்காங்க, முடியலன்னு சொல்லிக்கட்டுமா?”

நடைகூடத்தின் கோடியில் அடுத்த கூட்டத்துக்கு நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“சொல்லுங்கம்மா,” என்றார் அக்கா. “இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்காங்கன்னு சொல்லுங்க.”